பேனரில் இருந்த டாக்டர்

அன்றைக்கு மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. றொசல்ல ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறும் ரோட்டில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் முச்சந்தியில், தலைவர் மாமா ஏணியில் நின்று கயிற்றை இழுத்தார். ஒரு நுனி கோயில் மதிலில், மறு நுனி சவுக்கு மரத்தில். கீழே நின்றவர்கள் ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். கடைசியில் பேனர் விரிந்தது. அதில் நான் இருந்தேன்.

நான் என்றால் என் முகம் மட்டும். கழுத்துக்குக் கீழே இருந்தது யாருடைய உடம்போ. வெள்ளைக் கோட்டு, தோளில் ஸ்டெதஸ்கோப். அடையாள அட்டைக்கு ஹட்டன் ஸ்டூடியோவில் எடுத்த படத்தின் தலையை வெட்டி, முகம் தெரியாத ஒரு பெண் டாக்டரின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். என் கழுத்து இரண்டு நிறமாக இருந்தது. கீழே கொட்டை எழுத்தில், ‘எங்கள் தோட்டத்தின் முதல் டாக்டரை வாழ்த்துகிறோம்.’

பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைத்திருந்தது விஞ்ஞான பீடம். நான் படிக்கப் போனது தாவரவியல்.

தலைவர் மாமா எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர். சொந்த மாமா இல்லை, வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே மாமா. அவர் ஏணியை விட்டு இறங்கியதும் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

“மாமா, நான் டாக்டருக்குப் படிக்கப் போகலங்க. இது வேற படிப்பு.”

“பயோதானே படிச்ச?”

“ஆமாங்க.”

“பயோ படிச்சா டாக்டர், மெத்ஸ் படிச்சா எஞ்சினியர். எனக்குத் தெரியாதா? பேசாமப் போயி மாலையப் போட்டுக்க பாப்பா.”

தப்பு மேளம் அடித்தார்கள். மாலை போட்டார்கள். அம்மா கொழுந்து பறித்த மலையிலிருந்து நேராக வந்தாள், இடுப்பில் கட்டியிருந்த சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. பேனரின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். மழை முகத்தில் விழுந்தும் நகரவில்லை. அந்த நிமிடத்தில் போய் அது நான் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சொன்னேன்.

முன்னாலயா, பின்னாலயா?

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை கெம்பஸ் போனால் அது அந்த வீட்டுப் பிள்ளை மட்டும் இல்லை. தோட்டமே அதை அனுப்புகிறது. கோயிலில் பூசை வைத்து, தப்பு அடித்து, பேனர் கட்டித்தான் அனுப்பும். அனுப்பிய தோட்டத்துக்குப் பிள்ளை திரும்பி வரும்போது ஏதாவது வேண்டும்தானே.

முதல் லீவுக்கு நான் வந்து பையை இறக்கி வைக்கவில்லை, வாசலில் ஆள். மாத்திரை உறையைக் கொண்டு வந்திருந்தார்கள். உறையில் சிங்களமும் ஆங்கிலமும்தான் எழுதியிருந்தது. சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா என்று கேட்டார்கள். வாசித்துச் சொன்னேன். வாசிக்கத் தெரிந்த யாரும் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொன்னதும் பேனரில் எழுதியது உறுதியாகிவிட்டது.

அடுத்த நாள் ஒரு தாத்தா முட்டியைக் காட்டினார். அதற்கடுத்த நாள் ஒரு பிள்ளையின் காது. நான் டாக்டர் இல்லை, டிஸ்பென்சரிக்குப் போங்க என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடான பக்கத்துக் காம்பரா சாந்தி அக்கா மட்டும், “இன்னும் முழுசாப் படிச்சு முடிக்கலதானே, அதான் அப்பிடிச் சொல்லுது,” என்று எனக்காகப் பரிந்து பேசினார்.

அம்மாவை உட்கார வைத்துச் சொன்னேன். செடியைப் பற்றிய படிப்பம்மா, இலையில் வரும் நோய், வேரில் வரும் நோய், அதுதான் நான் படிப்பது. அம்மா அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே கேட்டாள். கடைசியில் ஒரே வார்த்தை.

“செடியப் பாத்து நோவு சொல்றவளுக்கு மனுசனப் பாத்துச் சொல்லத் தெரியாதா?”

குருவி தலையில் பனங்காய் என்பார்கள். குருவிக்காவது பனங்காயின் கனம் தெரியும். வைத்தவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

பின்வரிசை

போன கிழமை இந்தப் பத்தியில் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி நான் எழுதியதை வாசித்த ஒருவர், இந்தப் பிள்ளைக்கு எல்லாமே குறைதானா என்று கேட்டிருந்தார். ஆமாம் ஐயா, குறைதான். இந்தக் கிழமையும் குறைதான் சொல்லப்போகிறேன்.

பெரிய பல்கலைக்கழகம் என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு மரமும் புல்வெளியும் கல் கட்டடமும். உள்ளே போனவளுக்கு முதலில் தெரிந்தது ஒன்றுதான், இங்கே என்னை யாருக்கும் தெரியாது. விரிவுரை மண்டபத்தில் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருப்போம். மேடையில் நிற்பவர் ஆங்கிலத்தில் பேசுவார், திரையில் ஆங்கிலம் ஓடும். உயர்தரம் வரை தமிழில் படித்த எனக்கு ஒளித்தொகுப்பு தெரியும். அதையே அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னபோது அந்நியர் வீட்டுச் சாமான் மாதிரி இருந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து எல்லோரும் எழுதும்போது நானும் எழுதினேன். என்ன எழுதினேன் என்று விடுதிக்கு வந்து பார்த்தால் எனக்கே விளங்காது.

எங்கள் கெம்பஸில் குப்பி என்று ஒரு வழக்கம் உண்டு. விளங்காதவர்களுக்கு விளங்கிய ஒருவர், பரீட்சைக்கு முன்னால் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுப்பது. குப்பி விளக்கில் படித்த காலத்துப் பெயர் என்கிறார்கள். எங்களுக்குத் தமிழில் குப்பி வைத்தது என் அறைத்தோழி வாகினி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அம்மா, அப்பா இரண்டு பேரும் ஆசிரியர்கள். அவள் வீட்டில் யாரும் பேனர் கட்டவில்லை. கெம்பஸ் கிடைத்ததற்கு ஏன் பேனர் என்று ஆச்சரியமாகக் கேட்டாள். என் பேனரின் படத்தைப் போனில் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

குப்பியில் அவள் பொல்லாதவள். “விளங்கின மாதிரித் தலையாட்டாதை. விளங்கேல்லை எண்டு சொல்லு, திரும்பச் சொல்லுறன்,” என்பாள். அவள் இல்லையென்றால் முதல் வருடத்தோடு நான் மூட்டை கட்டியிருப்பேன். அவள் இருந்தும் இரண்டு பாடம் திரும்ப எழுத வேண்டி வந்தது.

ஒரு நாள் தேயிலை பற்றிய விரிவுரை. திரையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் படம், மூக்குத்தியும் பொட்டும் வெள்ளைச் சிரிப்புமாக. முன்வரிசைகளில் இருந்து சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. இருந்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் மலையில் வேலை நேரத்தில் யாரும் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

எங்கள் பீடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் மருத்துவ பீடம். வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளைகள் எங்களைத் தாண்டிப் போவார்கள். பார்க்கும் போதெல்லாம் முச்சந்தியில் தொங்கும் அந்த இரண்டு நிறக் கழுத்து ஞாபகம் வரும். பொறாமை இல்லை. என்னவோ அவர்களிடம் திருடிவிட்டு நிற்பது போல ஒரு கூச்சம்.

கினிகத்தேனை அண்ணன்

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் முடியாது. டயகமையிலிருந்து வந்த ஓர் அண்ணன், எங்களுக்கு முந்திய பட்ச், பௌதிகவியலில் நல்ல பட்டம். ஒரு தடவை ரயில் இல்லாமல் பஸ்ஸில் வந்தபோது கினிகத்தேனையில் தண்ணீர்ப் போத்தல் வாங்க இறங்கினேன். கடைக்குள் நின்று யாருக்கோ போன் ரீலோட் போட்டுக்கொண்டிருந்தது அவர்தான்.

வீட்டில் தெரியுமா என்று கேட்டேன். கடையில் நிற்பது தெரியும் என்றார். ஆனால் எஞ்சினியர் வேலைக்கு நியமன ஓடர் வரும் வரைக்கும்தான் கடை என்று அவர் அம்மா நினைக்கிறாராம். அவருடைய பேனரில் தலையில் எஞ்சினியர்மார் போடும் மஞ்சள் தொப்பி மாட்டியிருந்தார்கள்.

“சொல்லிப் பாத்தேன் தங்கச்சி. பொறவு விட்டுட்டேன்,” என்றார்.

பஸ் ஹோர்ன் அடித்தது. போத்தலுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். மிச்ச வழியெல்லாம் எனக்கு அவர் மேல் கோபமாக இருந்தது. அழுகை வராமல் இருக்கத்தான் அந்தக் கோபம் என்று இப்போது தெரிகிறது.

நீ எப்ப வருவ?

பெற்றோல், கேஸ் என்று நாடே ஏதாவது ஒரு கியூவில் நின்ற காலம் அது. பஸ் ஓடினால் ரயில் ஓடாது. கெம்பஸிலும் ஊழியர்கள் வேலைநிறுத்தம் முடிந்தால் விரிவுரையாளர்கள், அவர்கள் முடித்தால் மாணவர்கள். பரீட்சையை நாளை மறுநாள் என்பார்கள், பிறகு அடுத்த மாதம் என்பார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று பையைக் கட்டினால் அறிவிப்பு வரும். திரும்ப எழுத வேண்டிய பாடங்கள் வேறு என் கழுத்தில். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

அம்மா போன் எடுப்பாள். எங்கள் வீட்டில் அம்மா மட்டும்தான். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான் வருவார். அம்மாவுக்குப் போனில் நீளமாகப் பேசத் தெரியாது. சாப்பிட்டியா என்பாள், மழையா என்பாள். பிறகு போனை வைக்கிற நேரத்தில், “நீ எப்ப வருவ?” என்பாள்.

பரீட்சை முடியட்டும்மா என்பேன்.

“சரி சரி. சும்மாதான் கேட்டேன்.”

ஒவ்வொரு தடவையும் இதேதான். தனியாக இருக்கிறாள், பிள்ளையைத் தேடுகிறது என்று நினைத்தேன். எந்தப் பிள்ளையும் அப்படித்தான் நினைக்கும். ஒரு தடவை வாகினி பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, ஒருக்காப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வா என்றாள். அடுத்த நாள் காலையில் பரீட்சைத் திகதி வந்துவிட்டது.

வச்சிருந்தேன்

பரீட்சை முடிந்து நான் றொசல்லயில் இறங்கியபோது நல்ல வெயில். வெயில் நாளில் கொழுந்து அதிகம், அம்மா மலையில் நிற்பாள் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். அம்மா வீட்டில் இருந்தாள். பேர் பதியும் காலைப் பெரட்டுக்குப் போகாமல் அம்மா வேலையை விட்டு நின்ற நாளை நான் அதுவரை பார்த்ததில்லை.

வரும் வழியில் முச்சந்தியில் பேனரைக் காணவில்லை. வீட்டுக்கு வந்தபின்தான் எங்கே என்று தெரிந்தது. காற்றில் கிழியத் தொடங்கியதும் அம்மா அதைக் கேட்டு வாங்கி, ஒழுகும் கூரைத் தகரத்தின் மேல் விரித்துக் கல் வைத்திருந்தாள். வெயிலில் நிறம் போய்விடும் என்று என் முகத்தைக் கீழ்ப்பக்கமாகப் போட்டிருந்தாள்.

நான் வீட்டுக்கு வந்தால் அம்மா பிஸ்கட் டின்னைத் திறப்பாள். கோயிலில் கொடுத்த மோதகமாக இருக்கும், யார் வீட்டுக் கலியாணத்து முறுக்காகவோ இருக்கும். எப்போதோ கொடுத்ததை, தான் தொடாமல் வைத்திருப்பாள். “ஒனக்குன்னுதான் வச்சிருந்தேன்,” என்பாள். பாதி நாள் சிக்கு வாடை அடிக்கும். நானும் சாப்பிடுவேன்.

அன்றைக்கும் டின்னைத் திறந்தாள். நான் சாப்பிட்டு முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைச் சாத்திக் கொண்டி போட்டாள். சன்னல் வெளிச்சத்துக்கு வந்து நின்று, சட்டைப் பின்னைக் கழற்றினாள்.

இடது மார்பில் தோடம்பழத் தோல் மாதிரிக் குழிகுழியாகத் தோல் தடித்து உள்ளே இழுத்திருந்தது. ஒரு பக்கம் புண். மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள். தேயிலைக் கறை ஏறிய விரலால் அதைச் சுற்றிக் காட்டினாள், இங்கேதான் முதலில் சின்னதாக இருந்தது, இங்கேதான் இப்போது குத்துகிறது என்று.

அது என்னவென்று சொல்ல எந்தப் படிப்பும் தேவையில்லை. யாரிடமாவது காட்டினாயா என்று கேட்டேன்.

“டிஸ்பென்சர் ஐயாகிட்டப் போயி இத எப்பிடிக் காட்டுறது? வெக்கக்கேடு. நம்ம வீட்டுலயே டாக்டர் இருக்கையில ஊரு ஆம்பளைகிட்ட எதுக்கு? நீ வரட்டும்னுதான் வச்சிருந்தேன்.”

வச்சிருந்தேன். மோதகத்துக்குச் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

நான் கத்தினேன். நான் டாக்டர் இல்லம்மா, எத்தனை தரம் சொன்னேன், செடியம்மா, நான் படிக்கிறது செடி என்று கத்தினேன். பக்கத்துக் காம்பராவில் ரேடியோவைக் குறைத்தார்கள். அம்மா பின்னைக் குத்திக்கொண்டு, பிள்ளை பயந்துவிட்டது என்று நினைத்து என் தலையைத் தடவினாள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அம்மா மேலா, தலைவர் மாமா மேலா, கோட்டு மாட்டிவிட்ட ஸ்டூடியோக்காரன் மேலா? எல்லோரும் என் மேல் பிரியமாகத்தானே இருந்தார்கள்.

கண்டி ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்த டாக்டருக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். நல்லவர், பொறுமையாகச் சிங்களத்தில் சொன்னார். ஏன் இவ்வளவு நாள் இருந்துவிட்டீர்கள் என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும். பிறகு, ஈரலுக்கும் பரவிவிட்டது, மருந்து ஏற்றிப் பார்க்கலாம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார். இதை அம்மாவுக்கு நான்தான் சொல்ல வேண்டும். வார்டில் அந்த நேரம் தமிழ் பேச வேறு யாரும் இல்லை.

அம்மா அந்த டாக்டரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிம்மா, மருந்து ஏத்தணுமாம் என்றேன். ஈரலைப் பற்றிச் சொல்லவில்லை.

“நீ சொல்லு. சரியாயிருமா?”

“ஆயிரும்மா.”

அம்மா பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் திரும்பி, “ஆயிரும்னு எங்க புள்ள சொல்லிருச்சு,” என்றாள். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினார்.

பந்தல்

அடுத்த தீபாவளிக்கு அம்மா இல்லை.

எழவு வீட்டுக்குப் பந்தல் போட வேண்டும், மழை வேறு. மூங்கில் நட்டார்கள், தறப்பாள் போதவில்லை. யாரோ கூரையில் ஏறி அந்தப் பேனரைக் கழற்றிக் கொண்டுவந்து மேலே கட்டினார்கள். யாரும் யோசித்துச் செய்யவில்லை. கையில் கிடைத்தது, கட்டினார்கள். கூரையில் இருந்தபடியே முகம் கீழ்ப்பக்கமாக இருந்தது.

ஆம்பிளைகள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அப்பாவும் போனார். பொம்பிளைகள் பந்தலில் இருந்தோம். அண்ணாந்து பார்த்தால் நேர் மேலே நான். முகம் துளியும் வெளுக்கவில்லை, அம்மா பத்திரமாகத்தான் வைத்திருந்தாள். மழைத் தண்ணீர் தேங்கிக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் வயிறு தள்ளித் தொங்கின. ஒருவர் குச்சியால் குத்தித் தண்ணீரைத் தள்ளிவிட்டார். எழுந்து அதைக் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது.

சாந்தி அக்கா பாலில்லாத சாயத்தண்ணி கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுது அழுது அவருக்கும் குரல் கம்மியிருந்தது. பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“பாப்பா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. எனக்கும் கைக்கிடுக்குல ஒரு கட்டி மாதிரி இருக்கு. நோவு இல்ல. நீ வரட்டும்னுதான் வச்சிருந்தேன்.”

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

“அக்கா, நான் டாக்டர் இல்லக்கா.”

“அது தெரியும் பாப்பா. இன்னும் முழுசா முடிக்கலதானே.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸுக்கு வாங்க, நான் கூட வருகிறேன், பொம்பிளை டாக்டரிடமே காட்டலாம் என்றேன். சத்தியம் வாங்கினேன். சரி சரி என்றார்.

எழவு வீட்டுப் பிள்ளை படி தாண்டக்கூடாது என்று அத்தைமார் சத்தம் போட்டதையும் கேட்காமல் மறுநாள் முச்சந்தியில் போய் நின்றேன். பஸ் வந்தது. அக்கா வரவில்லை. கொஞ்ச நேரம் நின்ற பஸ் போய்விட்டது.

மேலே மலையில் பெரட்டு முடிந்து பொம்பிளைகள் ஆளுக்கொரு தேயிலை நிரையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் சாந்தி அக்காவும் இருந்தார். ரோட்டில் என்னைக் கண்டதும் கூடையைச் சரிசெய்துகொண்டு கையசைத்தார். அடுத்த லீவுக்கு நீ வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம்.